அறப்பணித் திரையிடல்: ஒரு சினிமா டிக்கெட் எங்கே போய்ச் சேருகிறது?



'மனிதநேயம்', 'ஈகை', 'ஊடகத்தின் பங்கு' ஆகிய தலைப்புகளில் ஏதாவது ஒன்று தேர்வில் வந்துவிட்டால், நம்ம பிள்ளைகள் கொடுக்கும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ள நிவாரணம், இரத்த தானம், அன்னை தெரேசா. இவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பது கட்டுரைகளில் ஐம்பதிலும் இதே மூன்றைப் படிக்கும்போது, எழுதியவர் தாமாக யோசித்த இடம் எது என்று தேட வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த இதழில் வேறு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பாலஸ்தீன, லெபனான் மக்களுக்கு உதவுவதற்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் அறப்பணித் திரையிடல்கள். இது என்ன, எப்படி நடக்கிறது, இதில் எழும் கேள்விகள் என்ன, கட்டுரையிலும் வாய்மொழித் தேர்விலும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அறப்பணித் திரையிடல் என்றால் என்ன?

ஒரு குழு ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறது. படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குகிறது. ஒரு மண்டபமோ சிறு திரையரங்கோ பிடித்து, டிக்கெட் விற்கிறது. சில இடங்களில் டிக்கெட்டுக்குப் பதிலாக, முடிந்ததைப் போடுங்கள் என்று பெட்டி வைப்பார்கள். செலவு போக மிஞ்சும் தொகை, முன்பே அறிவித்த ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. படம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரு கலந்துரையாடல் இருக்கும்.

நமக்கு இது முற்றிலும் புதிய பழக்கம் இல்லை. தமிழ்ப் பள்ளிக் கட்டட நிதிக்கு விருந்து வைக்கிறோம், கலை நிகழ்ச்சி நடத்துகிறோம் இல்லையா? அதே வழிதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. விருந்தில் சாப்பிடும் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் தொடர்பு கிடையாது. அறப்பணித் திரையிடலில் யாருக்காகக் காசு சேர்க்கிறோமோ, அவர்களுடைய வாழ்க்கையே திரையில் ஓடுகிறது.

2. ஏன் பாலஸ்தீனமும் லெபனானும் சேர்ந்து வருகின்றன?

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. இரண்டும் ஒன்றல்ல. லெபனான் தனி நாடு, தலைநகர் பெய்ரூட். ஆனால் இரண்டு மக்களின் கதையும் 1948இலிருந்து பின்னிக்கிடக்கிறது.

1948 போரின்போது 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் லெபனானுக்குள் போனார்கள். அந்த அகதிகளுக்காக 1949 டிசம்பரில் ஐ.நா. ஒரு தனி நிவாரண நிறுவனத்தை அமைத்தது. அது இன்றும் காசா, மேற்குக் கரை, ஜோர்டான், சிரியா, லெபனான் ஆகிய 5 பகுதிகளில் இயங்குகிறது. லெபனானில் மட்டும் 12 அதிகாரபூர்வ பாலஸ்தீன முகாம்கள் உள்ளன. நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து வளர்கிறார்கள். மருத்துவம், சட்டம் போன்ற பல தொழில்களை அந்நாட்டில் செய்ய அவர்களுக்குத் தடை இருந்துவருகிறது.

லெபனான் மக்களின் பாடும் லேசானதில்லை. 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் பெய்ரூட் துறைமுகத்தில் சேமித்து வைக்கப்பட்டிருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். பிறகு 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து காசாவில் போர் தொடங்கியது. காசா சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 2025 ஜூலை இறுதிக்குள் அங்கே இறந்தவர் எண்ணிக்கை 60 ஆயிரத்தைத் தாண்டியது. அந்தப் போர் லெபனானுக்கும் பரவியது. 2024 செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். 'பாலஸ்தீனத்துக்கும் லெபனானுக்கும்' என்று ஒரே சுவரொட்டியில் திரையிடல்கள் அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

3. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு

வகுப்பில் இந்தத் தலைப்பை எடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும். "டீச்சர், அது அவங்க பிரச்சினை. நமக்கு என்ன?" சில பிள்ளைகள் இதைச் சமயப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். 2023 அக்டோபர் இறுதியில் நம் பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் நடந்தபோதும் இதே கேள்வி பல ஆசிரியர் அறைகளில் பேசப்பட்டது. அந்தக் கேள்வியை அதட்டி அடக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

முதல் பதில் ஒரு தகவல். பாலஸ்தீனர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். லெபனான் 18 சமயப் பிரிவுகளைச் சட்டப்படி அங்கீகரித்த நாடு. ஆகவே 'ஒரே சமயத்தாரின் விஷயம்' என்று எழுதினால் அது தகவல் பிழை.

இரண்டாவது பதில் ஒரு மனிதர். பினாங்கில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்து, அங்கேயே மருத்துவம் படித்த எலும்பு அறுவை மருத்துவர் ஆங் ஸ்வீ சாய். 1982இல் லண்டனில் இருந்தவர், போரில் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கத் தொண்டூழியராகப் பெய்ரூட்டுக்குப் போனார். அங்கே சாப்ரா, ஷத்திலா பகுதியில் 'காசா மருத்துவமனை' என்ற பெயர் கொண்ட மருத்துவமனையில் வேலை செய்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 16 முதல் 18 வரை, இஸ்ரேலிய ராணுவம் சூழ்ந்திருந்த அந்தப் பகுதிக்குள் லெபனான் ஆயுதக் குழு ஒன்று புகுந்து பொதுமக்களைக் கொன்று குவித்தது. அதை நேரில் கண்டவர்களில் இவரும் ஒருவர். பிறகு விசாரணைக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். 1984இல் பிரிட்டனில் பாலஸ்தீனர்களுக்கான மருத்துவ உதவி அமைப்பு ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். இன்று அந்நாட்டில் நடக்கும் அறப்பணித் திரையிடல்கள் பலவற்றில் சேரும் காசு அந்த அமைப்புக்குத்தான் போகிறது. 2024இல் பிரிட்டன் திரைத்துறைப் பெண்கள் சிலர் நடத்திய ஓர் இணைய ஏலத்திலும் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்து அதே அமைப்புக்குப் போனது.

அதாவது, நம் பினாங்கில் பிறந்த ஒரு சீனப் பெண்மணி, தம் சமயமும் இல்லாத, மொழியும் இல்லாத ஊரில் கத்தி பிடித்து உயிர் காத்தார். 'நமக்கு என்ன?' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

4. எந்தப் படங்களைக் காட்டுகிறார்கள்?

போர்க் காட்சிகள் நிறைந்த படங்கள்தான் என்று நினைத்தால் அது சரியல்ல. கீழே சில படங்கள்.

'வாஜிப்' (2017): ஆன்மரி ஜாசிர் இயக்கியது. நாசரேத் நகரில் ஒரு பள்ளி ஆசிரியர், வெளிநாட்டிலிருந்து வந்த மகனோடு காரில் போய், மகளின் கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகக் கொடுக்கிறார். அவ்வளவுதான் கதை. அப்பாவாகவும் மகனாகவும் நடித்த முகமது பக்ரியும் சாலே பக்ரியும் நிஜத்திலும் அப்பா, மகன். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்தே ஆக வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் மனஸ்தாபம். பத்திரிகை வைக்கப் போய்வந்த நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை விளக்கவே தேவையில்லை.

'அன்பளிப்பு' (2020): ஃபாரா நபுல்சி இயக்கிய 25 நிமிடக் குறும்படம். மேற்குக் கரையில் ஓர் அப்பா, திருமண நாளுக்கு மனைவிக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கச் சின்ன மகளோடு புறப்படுகிறார். வழியில் சோதனைச் சாவடி. பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது, ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு பாடவேளைக்குள் அடங்கும்.

'கப்பர்நாம்' (2018): லெபனானைச் சேர்ந்த நதீன் லபாக்கி இயக்கியது. பிறப்புப் பத்திரம்கூட இல்லாத ஒரு சிறுவன், தன்னைப் பெற்றதற்காகப் பெற்றோர்மீதே வழக்குப் போடுகிறான். கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. நடித்த சிறுவன் நிஜத்தில் பெய்ரூட்டில் வாழ்ந்த சிரியா அகதி. கனமான படம், கீழ்ப் படிவங்களுக்கு ஏற்றதல்ல.

'உடைந்த ஐந்து கேமராக்கள்' (2011), 'வேறு நிலமில்லை' (2024): இரண்டும் ஆவணப்படங்கள். முதலாவதை ஒரு பாலஸ்தீன விவசாயியும் ஓர் இஸ்ரேலியரும் சேர்ந்து இயக்கினார்கள். இரண்டாவதை இரண்டு பாலஸ்தீனர்களும் இரண்டு இஸ்ரேலியர்களும் சேர்ந்து இயக்கி, 2025இல் ஆஸ்கர் விருது பெற்றார்கள். இந்தத் தகவலை மாணவர்கள் கட்டாயம் குறித்துக்கொள்ளவும். விவாதக் கட்டுரையில் ஓர் இனத்தையே பழித்து எழுதுவோருக்கு இந்தப் படங்களே மறுப்பாக நிற்கின்றன.

'கிரவுண்ட் ஸீரோவிலிருந்து' (2024): காசாவில் பிறந்த ரஷீத் மஷராவி முன்னெடுத்த தொகுப்பு. போரின் நடுவே காசாவில் இருந்த கலைஞர்கள் எடுத்த 22 குறும்படங்கள் இதில் உள்ளன.

5. காசு எப்படிப் போகிறது? ஒரு கணக்கு

இதைப் பெரும்பாலான கட்டுரைகள் தொடுவதே இல்லை. எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம்.

120 இருக்கை. டிக்கெட் 15 ரிங்கிட். எல்லாம் விற்றால் வரவு 1,800 ரிங்கிட். மண்டப வாடகை 500, திரையிடல் உரிமைக் கட்டணம் 600, சுவரொட்டிக்கும் தண்ணீருக்கும் 100 என்றால் செலவு 1,200. மிச்சம் 600. அதாவது நாம் கொடுத்த 15 ரிங்கிட்டில் 5 ரிங்கிட்தான் உதவியாகப் போகிறது.

இப்போது இன்னொரு மாதிரி. மண்டபத்தை ஒருவர் இலவசமாகக் கொடுத்தார். பட உரிமையாளர் நல்ல காரியம் என்று கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். செலவு 400. மிச்சம் 1,400. அதே 15 ரிங்கிட்டில் இப்போது ஏறக்குறைய 11 ரிங்கிட் 67 சென் போகிறது.

படமும் டிக்கெட் விலையும் அப்படியே இருக்க, போய்ச் சேரும் உதவி இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஏற்பாட்டாளர் எவ்வளவு பேரிடம் எவ்வளவு பேசிக் குறைத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் டிக்கெட் வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. காசு எந்தப் பதிவுபெற்ற அமைப்புக்குப் போகிறது? செலவு போகவா, முழுத் தொகையுமா? முடிந்த பிறகு கணக்கு வெளியிடுவார்களா? நல்ல ஏற்பாட்டாளர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

6. எதிர்க்கருத்துகளும் பதில்களும்

விவாதக் கட்டுரை எழுதுவோர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

"படம் பாத்தா அங்க உள்ளவங்களுக்குச் சாப்பாடு கிடைச்சிருமா?" நேரடியாகக் கிடைக்காதுதான். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால், 15 ரிங்கிட்டை நேராக அனுப்பினால் முழு 15 ரிங்கிட்டும் போகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 120 பேரில் எத்தனை பேர் தாமாகவே நேராக அனுப்பியிருப்பார்கள்? திரையிடல், கொடுக்க நினைக்காதவரையும் கொடுப்பவர் ஆக்குகிறது. ஏற்கெனவே கொடுக்கும் பழக்கம் உள்ளவர் நேராகவே அனுப்பட்டும். அவருக்குத் திரையிடல் கட்டாயமில்லை. இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

"அடுத்தவர் துயரத்தைப் பாப்கார்ன் சாப்பிட்டுக்கிட்டே பாக்கலாமா?" இதுவும் கனமான கேள்வி. அழுகையும் இரத்தமும் மட்டுமே உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். பத்திரிகை கொடுக்கும் அப்பாவையும் குளிர்பதனப் பெட்டி வாங்கும் அப்பாவையும் காட்டும் படத்துக்குப் பொருந்தாது. அங்கே பார்வையாளர் பரிதாபப்படுவதில்லை. தம் வீட்டு ஆளைப் போல ஒருவரைப் பார்க்கிறார். படத்தை எடுத்தவரும் அந்த மண்ணைச் சேர்ந்தவரா என்று பார்ப்பது இன்னொரு நல்ல அளவுகோல்.

"பக்கத்து வீட்டுக்காரன் பசிக்கு முதல்ல உதவட்டும்." உதவட்டும். ஆனால் இப்படிச் சொல்பவர்களிடம், பக்கத்து வீட்டுக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்கலாம். ஒன்றைச் செய்யாமலிருக்க மற்றொன்றைக் காரணம் காட்டக் கூடாது.

7. பள்ளியில் நடத்த விரும்பினால்

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வீட்டில் பார்ப்பதற்கு வாங்கிய வட்டோ, இணையச் சந்தாவோ பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது. காசு வசூலித்தாலும் வசூலிக்காவிட்டாலும், உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் இருக்கின்றன. தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற படமா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையாளரின் அனுமதி தேவை. பள்ளி முதல்வர், பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படத்துக்கு முன் பத்து நிமிடம் வரைபடம் காட்டுங்கள். படத்துக்குப் பின் இருபது நிமிடம் பேச விடுங்கள். பிள்ளைகள் கோபமாகப் பேசலாம். கோபம் ஓர் அரசின்மீதோ ஒரு செயலின்மீதோ இருக்கும்வரை அது கருத்து. ஒரு சமயத்தார்மீதோ இனத்தார்மீதோ திரும்பினால் அங்கேயே நிறுத்தி, படத்தை இயக்கிய நால்வரைப் பற்றிச் சொல்லுங்கள்.

8. தேர்வுக்கான குறிப்புகள்

சொல் தெளிவு: பாலஸ்தீனம் என்பது நிலம், பாலஸ்தீனர் என்பது மக்கள். லெபனான் நாடு, லெபனானியர் மக்கள். 'பாலஸ்தீனர்கள் நாடு' என்று எழுதாமல் 'பாலஸ்தீனர்களின் நாடு' என வேற்றுமை உருபோடு எழுதவும். திரைப்படம் என்பது படைப்பு. திரையிடல் என்பது அதைக் காட்டும் செயல்.

சொற்களில் மரியாதை: 'பாவப்பட்ட மக்கள்', 'கேட்பாரற்றவர்கள்' என்று எழுதும்போது அவர்களை நாம் கீழே இறக்கிவிடுகிறோம். 'இடம்பெயர்ந்த மக்கள்', 'வீடிழந்த குடும்பங்கள்', 'போரால் பாதிக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள். என்ன நடந்தது என்பதும் அதில் தெளிவாகிறது.

குறள் பயன்பாடு: பெரும்பாலோர் ஈகை அதிகாரத்துக்கே ஓடுகிறார்கள். அது 23ஆவது அதிகாரம். இல்லாதவர்க்குக் கொடுப்பதைப் பேசுகிறது. அதற்கு முன்னால் உள்ள 22ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். சமுதாயத்தோடு ஒத்து வாழ்வோர் செய்யும் பொதுக் கடமையைப் பேசுகிறது. ஊரே சேர்ந்து நடத்தும் திரையிடலுக்கு இரண்டாவதே அதிகம் பொருந்தும். பொருத்தமறிந்து பயன்படுத்தினால் அந்த வேறுபாடே உங்கள் கட்டுரையைத் தனித்துக் காட்டும்.

எண்கள்: இறந்தோர் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். ஆண்டையும் யாருடைய கணக்கு என்பதையும் சேர்த்தே எழுதவும். நினைவில்லை என்றால் எண்ணை விட்டுவிடுங்கள்; ஊகித்து எழுத வேண்டாம்.

மாதிரிப் பத்தி:

"அறப்பணித் திரையிடல் இரண்டு வகையில் பயன் தருகிறது. முதலாவதாக, டிக்கெட் விற்பனையில் செலவு போக மிஞ்சும் தொகை மருத்துவ உதவியாகவோ உணவாகவோ பாதிக்கப்பட்டோரைச் சென்றடைகிறது. இரண்டாவதாக, செய்தியில் வெறும் எண்களாகத் தெரிந்தவர்கள் திரையில் தந்தையாகவும் மகளாகவும் தெரிகிறார்கள். மகளின் திருமணப் பத்திரிகையை வீடு வீடாகக் கொடுக்கும் நாசரேத் ஆசிரியரை 'வாஜிப்' படத்தில் பார்த்த ஒருவர், அடுத்த முறை அந்த நிலத்தின் பெயரைச் செய்தியில் கேட்கும்போது அந்த ஆசிரியரை நினைக்காமல் இருக்க முடியாது. ஆயினும், சேர்ந்த தொகைக்கு வெளிப்படையான கணக்கு இல்லாவிட்டால் இத்தகைய முயற்சிகள் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும்."

பத்தியின் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 'ஆயினும்' என்று தொடங்கி ஒரு நிபந்தனை வைக்கிறது. கருத்தை ஆதரித்து எழுதும்போதும் இப்படி ஒரு வரி வைத்தால், எழுதியவர் இரண்டு பக்கமும் யோசித்திருக்கிறார் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

பயிற்சிக் கேள்விகள்:

அ. "துயரத்தைத் திரையில் காட்டி நிதி திரட்டுவது சரியே." விவாதித்து எழுதுக.

ஆ. உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஓர் அறப்பணித் திரையிடல் நடத்தவிருக்கிறது. பள்ளி முதல்வரின் அனுமதி கேட்டு, படம், செலவு, நிதி சேரும் இடம் ஆகியவற்றை விளக்கிக் கடிதம் எழுதுக.

இ. வாய்மொழி: உங்களுக்குத் தெரியாத ஒரு நாட்டு மக்களைப் பற்றி நீங்கள் பார்த்த படம் எது? அது உங்கள் எண்ணத்தை எப்படி மாற்றியது? இரண்டு நிமிடம் பேசுக.

கடிதக் கேள்விக்கு விடை எழுதும் மாணவர்கள் வரவுசெலவுக் கணக்கையும் உள்ளே சேர்க்கட்டும். ஐந்தாம் பகுதியில் உள்ள கணக்கை அப்படியே எடுக்காமல், உங்கள் பள்ளி மண்டபத்தில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் போடுங்கள்.